அரசு ஊழியரைத் தாக்குதல்: தண்டனை

கடமையைச் செய்யவிடாமல் அரசு ஊழியரைத் தாக்குவது ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். திருவனந்தபுரம் மாவட்டக் கல்லாற்றில், பொன்முடிச் சாலைச் சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தும் வனக் காவலரும் அரசு ஊழியரே. அடி விழ வேண்டியதில்லை. அடிக்கக் கை ஓங்கினாலே போதும். 1.7.2024 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 132ஆம் பிரிவுப்படி 2 ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். வெறும் வாய்த்தகராறு இதில் சேராது. வழக்குப் பதிகிறவர்கள் இதைச் சௌகரியமாக மறப்பதுண்டு. காயம் ஏற்படுத்தினால் 121ஆம் பிரிவு: 5 ஆண்டு வரை (பழைய சட்டத்தில் 3). கொடுங்காயத்துக்கு 10 ஆண்டு வரை. 1 ஆண்டுக்குக் குறையாது. கொட்டாரக்கரையில் 2023 மே 10 அன்று பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்டபின், மருத்துவப் பணியாளர் பாதுகாப்புக்கான 2012ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கேரளம் கடுமையாக்கியது. அதில் கொடுங்காயத்துக்கு 7 ஆண்டு வரை சிறையும் 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு.