தறிக்கு வந்த பிளாஸ்டிக், இடுப்புக்குப் போனது

1950களில் இங்கிலாந்தில் ஒருவருக்கு இடுப்பு அசையும்போதெல்லாம் கிறீச்சென்று சத்தம். பொறுக்க முடியாமல் மனைவி எழுந்து போய்விடுவாராம். இடுப்பு மூட்டில் பொருத்திய, பாரிஸின் ஜூடே சகோதரர்கள் வடிவமைத்த அக்ரிலிக் பந்துதான் உள்ளே அப்படிக் கத்தியது. அந்தக் கதை எலும்பு அறுவை மருத்துவர் ஜான் சார்ன்லியை உராய்வின் பக்கம் திருப்பியது.

லங்காஷயரின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் அவர் தேர்ந்தெடுத்தது டெஃப்லான். வழுக்குவதில் அதை மிஞ்ச ஆளில்லை. டெஃப்லான் கிண்ணம், அதற்குள் எஃகுப் பந்து. முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடந்தார்கள். ஏறத்தாழ 300 பேருக்குப் பொருத்திய பிறகுதான் வினை தெரிந்தது: இரண்டு மூன்று ஆண்டுகளில் கிண்ணம் குழிந்துபோனது. குழிந்ததைக்கூடப் பொறுக்கலாம், உதிர்ந்த தூளை உடம்பு பொறுக்கவில்லை. மூட்டைத் திறந்தால் சுற்றிலும் பாலாடைக்கட்டி போல வெளிறிய திரள், அரித்துப்போன எலும்பு. சார்ன்லி தன் தொடையிலேயே டெஃப்லான் தூளைப் புதைத்துப் பார்த்தார். ஒன்பது மாதம் கழித்தும் அது கட்டியாகக் கையில் தட்டுப்பட்டது.

1962இல் ஒரு விற்பனையாளர் வந்தார். லங்காஷயரின் விசைத்தறிகளுக்குப் பிளாஸ்டிக் பல்சக்கரம் விற்பவர். அவர் கொடுத்த பாலிஎத்திலீன் துண்டில் நகத்தை அழுத்திப் பார்த்த சார்ன்லி, வீண்வேலை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பட்டறைத் தொழில்நுட்பர் ஹாரி கிரேவன் விடவில்லை. சார்ன்லி வெளிநாடு போயிருந்தபோது அதைத் தேய்மானச் சோதனை இயந்திரத்தில் மாட்டி இரவுபகலாக ஓட்டினார். டெஃப்லான் ஒரே நாளில் தேயும் அளவுக்குக்கூட மூன்று வாரத்தில் அது தேயவில்லை! அந்த நவம்பரிலேயே முதல் கிண்ணம் ஒரு நோயாளிக்குள் போனது. மருத்துவ வரலாற்றில் கிரேவனுக்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்திருக்கலாம்.

பாலிஎத்திலீனும் தேயத்தான் செய்தது, மெல்ல. கண்ணுக்குத் தெரியாத அதன் துகள்களை வெள்ளணுக்கள் விழுங்கும், செரிக்க முடியாது. அவை கிளப்பும் அழற்சியில் எலும்பு கரைந்து, பொருத்திய மூட்டு ஆட்டம் காணும். இதற்கு முதலில் பழி சுமந்தது, மூட்டை எலும்போடு பிணைக்கும் எலும்புச் சிமென்ட். ‘சிமென்ட் நோய்’ என்றே பேரிட்டார்கள். சிமென்ட் இல்லாத மூட்டுகளிலும் அதே பள்ளங்கள் தெரிந்தபோதுதான் துகள்மேல் கண் திரும்பியது. கிருமி நீக்குவதற்காகக் காற்றிலேயே வைத்துக் காமா கதிர் பாய்ச்சியதும் பிளாஸ்டிக்கை நொறுங்க வைத்திருந்தது.

பிளாஸ்டிக்கே வேண்டாமென்று உலோகத்தோடு உலோகத்தைச் சேர்த்தவர்களும் உண்டு. அதில் கோபால்ட்டும் குரோமியமும் உதிர்ந்தன. மறு அறுவைகள் பெருகவே, 2010 ஆகஸ்டில் டிபியூய் நிறுவனம் ஏஎஸ்ஆர் என்ற தன் உலோக இடுப்புகளைத் திரும்பப் பெற்றது. அப்போது உலகெங்கும் சுமார் 93,000 பேருக்கு அவற்றைப் பொருத்தி முடித்திருந்தார்கள்.