வசீம் ராசிக் எந்த ஊர்ப் பொடியன்?



வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான்: "சேர், வசீம் ராசிக் கொட்டாஞ்சேனையா, வெள்ளவத்தையா?"

இரண்டுமில்லை. 1994இல் பேர்லினில் பிறந்தவர். அடுத்த வருடம்தான் கொட்டாஞ்சேனைக்குப் பக்கத்திலுள்ள சுகததாச அரங்கில் இந்தியாவை 1-0 என்று வென்று தெற்காசியக் கிண்ணத்தை எடுத்தோம். அதோடு சரி, இன்றுவரை அது திரும்பக் கிடைக்கவில்லை.

மத்தியகள வீரரான ராசிக் முதலில் யூனியன் பேர்லினின் இரண்டாம் அணியில் ஆடினார். பிறகு மக்டேபேர்க் கழகம். அது அப்போது ஜேர்மனியின் மூன்றாம் பிரிவில் இருந்தது. மூன்றாம் பிரிவு என்று லேசாக நினைக்காதீர்கள். அங்கே பந்துதான் தொழில், அதற்குத்தான் சம்பளம். அந்த வருடங்களில் இங்கே எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

2021 ஜூன் 5, உலகக் கிண்ணத் தகுதிகாண் போட்டி. தரவரிசையில் 200க்கும் பின்னால் கிடந்த நாங்கள் லெபனானிடம் 3-2 என்றுதான் தோற்றோம். இரண்டு கோலும் ராசிக்குடையது. அப்போது அவருக்கு 26 வயது. நவம்பரில் நம்ம ரேஸ்கோர்ஸில் மாலைதீவுடன் 4-4. நான்கையும் அடித்தவர் அவரே. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவர் "நம்ம பொடியன்".

அந்த மாணவன் விடவில்லை. "இங்கே பிறந்திருந்தா, சேர்?"

ஓ.எல். வருஷம் வந்ததும் பந்தைத் தூக்கி வைக்கச் சொல்வது வாப்பாமாரும் நாங்களும்தானே. போன மாதம் அவனிடமே நான் அதைச் சொல்லியிருந்தேன்.