நிறுத்தச் சொல்லும் உரிமை: மன்னார்க் கரையின் சத்திரசிகிச்சைக் கூடமும் தாதியரும்

சத்திரசிகிச்சைக் கூடத்தில் தொற்றுக்கான வழி திறப்பதை முதலில் காண்பவர் பெரும்பாலும் தாதிதான். கருவிப் பொதியைத் திறப்பவர் அவர். தட்டில் உள்ளதை எண்ணுபவர் அவர். கையுறையில் விழுந்த ஊசித்துளையும், மேசை விளிம்பில் உரசிய கவுணும், நிறம் மாறாத காட்டிப் பட்டையும் அவர் கண்ணில்தான் முதலில் படுகின்றன. இவற்றைக் கவனிப்பது அவர் கடமை என்று எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. கண்ட பின் வேலையை நிறுத்தும் அதிகாரமோ பல கூடங்களில் சத்திரசிகிச்சை நிபுணரின் சுபாவத்திலும் தாதியின் மூப்பிலும் தங்கியிருக்கிறது. மன்னார் போன்ற ஒரு கரையோர மாவட்டத்தில் தொற்றுத் தடுப்பின் பலவீனமான கண்ணி இந்த இடைவெளியே என்பது இக்கட்டுரையின் வாதம். அறிவுக் குறைவு இரண்டாம் பட்சமானது.

இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலை தீவில், நகரத்தில் இருக்கிறது. தீவின் மறுமுனையான தலைமன்னார் ஏறத்தாழ 30 கிலோமீற்றர். பெருநிலப்பக்கத்தில் வவுனியா ஏறத்தாழ 80 கிலோமீற்றர்; அநுராதபுரம் அதற்கும் அப்பால். 1990இல் தகர்க்கப்பட்ட பாலத்துக்குப் பதிலாகப் புதிய பாலம் திறக்கப்பட்டது 2010இல்தான். இன்று வீதி நன்றாக இருக்கிறது. ஆனாலும் அவசர நோயாளியை அம்புலன்ஸில் ஏற்றுவதா, இங்கேயே சத்திரசிகிச்சை செய்வதா என்ற முடிவில் இந்தத் தூரம் எப்போதும் ஒரு பங்கு வகிக்கிறது. இங்கேயே செய்வது என்று முடிவானால், இங்குள்ள பொதிகளையும் இங்குள்ள நீராவியையும் நம்பித்தான் செய்ய வேண்டும்.

அந்த நீராவி நீரிலிருந்து வருகிறது. மன்னாரில் நீர் ஒரு சின்ன விடயம் அல்ல. தீவின் மணலுக்குள் மழைநீர் மெல்லிய நன்னீர்ப் படையாகத் தேங்குகிறது. அதற்குக் கீழே உவர்நீர். வரட்சியில் மிகையாக இறைத்தால் உவர் மேலே ஏறும். பெருநிலப்பக்கத்து முருங்கன் சுண்ணாம்புப் படுகையின் நீரோ வன்மையானது. குடிப்பவருக்கு இது சுவைப் பிரச்சினை. கருவி கழுவுபவருக்கு இது வேறு. நீரிலுள்ள குளோரைட்டு துருவேறா உருக்கிலும் நுண்குழிகளை அரித்துவிடும். வன்னீரின் படிவு கத்தரியின் மூட்டிலும் ஃபோர்செப்ஸின் பற்களிலும் வெண்மையாகத் தங்கும். குழியிலும் படிவிலும் இரத்தமும் புரதமும் ஒட்டிக்கொள்கின்றன. அழுக்கு ஒட்டிய இடத்தை நீராவி சரிவரத் தொடுவதில்லை. 134 பாகை செல்சியஸில் 3 நிமிடம், 121 பாகையில் 15 நிமிடம் என்று நாம் மனப்பாடமாக வைத்திருக்கும் கணக்கெல்லாம் சுத்தமாகக் கழுவி உலர்த்திய கருவிக்குத்தான் பொருந்தும். அதனால் ஒரு கரையோர வைத்தியசாலையில் இறுதி அலசலுக்கும் நீராவிக்கும் உப்பு நீக்கிய நீர் கேட்பது ஆடம்பரமல்ல. சிறுநீரக நோய் பரவிய வடமத்திய மாகாணக் கிராமங்களில் நீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் ஊருக்கு ஊர் வந்துவிட்டது. கருவி கழுவும் அறைக்கு அதைக் கேட்பதற்கு எவரும் தயங்க வேண்டியதில்லை.

ஒரு பொதியை அருகில் வைத்துப் பார்ப்போம். இரவு. சிசேரியன் என்று தீர்மானமாகிவிட்டது. தாதி கை கழுவி, கவுண் போட்டு, சிசேரியன் செட்டைத் திறக்கிறார். வெளியே ஒட்டிய ஓட்டோகிளேவ் நாடாவில் கோடுகள் கறுத்திருக்கின்றன. பொதி வெப்பத்தைக் கண்டது என்பதற்கு மேல் அந்தக் கோடு எதையும் சொல்லாது. உள்ளே வைத்த காட்டிப் பட்டையைப் பார்க்கிறார்; அதுவும் நிறம் மாறியிருக்கிறது. ஆனால் தட்டின் அடியில், உள்ளுறையின் மடிப்பில், விரல் நுனியளவு ஈரம். பொதிகளை நெருக்கி அடுக்கியிருக்கலாம். உலரும் நேரத்தை யாரோ குறைத்திருக்கலாம். சூட்டோடு எடுத்துக் குளிர்ந்த மேசையில் வைத்திருக்கலாம். காரணம் எதுவானாலும் ஈரப் பொதி கிருமியற்ற பொதி அல்ல. ஈரம் உறைக்கு வெளியே உள்ள கிருமியை உள்ளே இழுக்கும். கடற்கரையின் ஈரப்பதமும் தூசியும் அந்த உறையின் மேல்தான் படிந்திருந்தன. பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரே விடை உண்டு: பொதியைத் திருப்பி அனுப்பு. கூடத்திலோ தாய் மேசையில், மயக்க மருந்து வைத்தியர் தயார், நிபுணர் கையை மார்புக்கு முன் உயர்த்தியபடி நிற்கிறார். "சேர், செட் ஈரம், மாத்த வேணும்" என்ற வாக்கியத்தைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பது அங்கே நின்றவர்களுக்குத் தெரியும்.

அந்தத் துணிவைத் தனிமனித குணமாக விட்டுவைப்பதுதான் நம் தவறு. உலகச் சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட 19 அம்சச் சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் இதை மாற்றவே வந்தது. புது டில்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த முதல் ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8க்கும், சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7க்கும் குறைந்தன. 2009இல் இந்த முடிவு வெளியானதும் சில நாடுகள் பட்டியலைக் கட்டாயமாக்கின. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த ஆய்வோ, கட்டாயமாக்கிய பின் குறிப்பிடத்தக்க குறைவு எதையும் காணவில்லை. இரண்டும் முரண்பட்டவை என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பட்டியல் ஒரு தாள். அதை வாசிப்பவர் "இல்லை" என்று சொன்னால் வேலை நிற்கும் என்ற நிலை இருந்தால்தான் அது கருவி. இல்லாவிட்டால் கோப்பில் சேரும் இன்னொரு படிவம். கீறலுக்கு முன் கருவிகளின் கிருமியின்மை உறுதியா என்று தாதியிடம் கேட்கும் வரி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. அதற்கு "உறுதியில்லை" என்று பதில் வந்தால் என்ன நடக்க வேண்டும் என்பதை ஒவ்வொரு வைத்தியசாலையும் தானே எழுதிக்கொள்ள வேண்டும்.

தாதியின் கையில் உள்ள எளிய செயல்கள் எவ்வளவு கனமானவை என்பதற்கு அண்மைய சான்று ஒன்று உண்டு. வயிற்றுச் சத்திரசிகிச்சையில் காயத்தை மூடும் முன் எல்லோரும் கையுறையை மாற்றி, மூடுவதற்கென ஒதுக்கிய புதிய கருவிகளை எடுக்க வேண்டும் என்ற ஒரே மாற்றத்தை இந்தியா, கானா, ருவாண்டா உள்ளிட்ட ஏழு நாடுகளில் 13,301 நோயாளரிடம் சோதித்தார்கள். 2022இல் வெளியான முடிவில் காயத் தொற்று 18.9 சதவீதத்திலிருந்து 16 சதவீதமாகக் குறைந்திருந்தது. புதிய மருந்தும் இல்லை, புதிய இயந்திரமும் இல்லை. ஒரு சோடிக் கையுறையும், தனியாகக் கட்டிய ஒரு சிறு செட்டும், "இப்ப மாத்துவம்" என்று சொல்லும் ஒருவரும் போதும். கென்யா, உகண்டா, சாம்பியா, சிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளின் ஐந்து வைத்தியசாலைகளில் நடந்து 2018இல் வெளிவந்த ஆய்விலும் தொற்று 8 சதவீதத்திலிருந்து 3.8க்கு வந்தது. அங்கே செய்ததும் குளிப்பாட்டுதல், முடி மழிக்காமை, தோலைச் சரியாகத் தயார்செய்தல், நுண்ணுயிர்க்கொல்லியை நேரத்துக்குக் கொடுத்தல், கூடத்துக்குள் வீண் நடமாட்டத்தைக் குறைத்தல் போன்றவைதான்.

மன்னாருக்கே உரிய இன்னொரு சிக்கல் காயங்கள். பேசாலை, வங்காலை, பள்ளிமுனை ஆகிய ஊர்களின் கடற்றொழிலாளர் திருக்கை முள் ஏறிய காலோடும், தூண்டில் கிழித்த கையோடும் வருவார்கள். கடல்நீர்க் காயத்தில் விப்ரியோ போன்ற கிருமிகள் இருக்கலாம். ஈரல் நோயோ நீரிழிவோ உள்ளவரிடம் அவை சில மணி நேரத்திலேயே பரவக்கூடும். அத்தகைய காயத்தைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வெட்டிச் சுத்தம் செய்த பின் அதே மேசையில் ஒரு சிசேரியன் வரலாம். சுத்தமானது முதலில், அழுக்கானது கடைசியில் என்ற ஒழுங்கு திட்டமிட்ட பட்டியலில் நிற்கும், அவசரத்தில் நிற்காது. அப்போது மேசையையும் தரையையும் துடைத்து முடித்தாயிற்றா என்று தீர்ப்பவர் தாதி. சிற்றூழியர் அந்தத் துடைப்பை முடிக்கும்வரை அடுத்த நோயாளியை உள்ளே எடுக்க மாட்டேன் என்று அவர் சொல்லக்கூடியவராக இருக்க வேண்டும்.

மொழியும் இதில் சேர்கிறது. வடக்கின் வைத்தியசாலைகளில் தெற்கிலிருந்து வரும் வைத்தியரும் தாதியரும் பணியாற்றுகிறார்கள். நோயாளரில் பெரும்பாலோர் தமிழரும் முஸ்லிம்களும், தமிழ் பேசுபவர்கள். நோயாளியே தன் பெயரையும் செய்யப்போகும் சத்திரசிகிச்சையையும் சொல்வதுதான் பாதுகாப்புப் பட்டியலின் முதல் படி. அதைத் தலையாட்டலாக விட்டுவிடக் கூடாது. தமிழில் கேட்டுத் தமிழில் பதில் பெற வேண்டும். இது இயலாத காரியமல்ல. மானிப்பாயில் பணியாற்றிய சாமுவேல் கிறீன் 'இரண வைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டது 1867இல். கிருமிநீக்க முறையைப் பற்றி லிஸ்டர் எழுதிய கட்டுரைகள் வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். நோயாளியிடம் பேசும் பகுதியையும், நிறுத்தச் சொல்லும் வாக்கியத்தையும் தமிழிலும் சிங்களத்திலும் சுவரில் ஒட்டிவைக்க நமக்கு எந்தத் தடையும் இல்லை.

நிறுத்தும் அதிகாரத்துக்கு எதிரான வலுவான வாதம் தாமதம். குழந்தையின் இதயத் துடிப்பு விழும்போது, தாய்க்கு இரத்தம் பெருகும்போது, ஈரப் பொதிக்காகக் காத்திருக்க முடியுமா? இந்தக் கேள்வி நேர்மையானது. அதிகாரத்தை மட்டும் கொடுத்தால் இதற்குப் பதில் கிடையாது. மாற்றுப் பொதி அலுமாரியில் தயாராக இருந்தால் தாமதம் ஓரிரு நிமிடம். அது இல்லாவிட்டால் தாதி உயிருக்கும் தொற்றுக்கும் இடையே நிறுத்தப்படுகிறார். அந்தச் சுமையை அவர் தோளில் வைப்பது அநீதி. எனவே அதிகாரமும் இருப்பும் ஒரே பத்திரத்தில் எழுதப்பட வேண்டும்: அவசர சிசேரியனுக்குக் குறைந்தது இரண்டு செட் எப்போதும் தயார், அது குறைந்தால் நிர்வாகத்துக்கு உடனே அறிவிப்பு. 2022இன் பொருளாதார நெருக்கடியில், மார்ச் இறுதியில் பேராதனைப் போதனா வைத்தியசாலையே மருந்துத் தட்டுப்பாட்டால் வழமையான சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்தது. பெரிய வைத்தியசாலைக்கு அந்த நிலை என்றால் கரையோர வைத்தியசாலையின் கையிருப்பை அதிர்ஷ்டத்திடம் விடக் கூடாது.

கூடத்துக்கு வெளியே இருந்தும் தொற்றும் தீங்கும் வரும். 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் பலரின் பார்வை பாதிக்கப்பட்டது. இறக்குமதியான பிரெட்னிசோலோன் கண்துளி மருந்தின் மேல் விசாரணை விழுந்தது. இப்படியான வேளையில் "நேற்றைய மூன்று நோயாளருக்கும் கண் சிவந்திருக்கிறது" என்று முதலில் உணரக்கூடியவர் விடுதித் தாதி. அவர் குப்பியின் தொகுதி எண்ணைப் பார்த்து, மிச்சத்தை ஒதுக்கிவைத்து, தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்கு அன்றே சொல்வதற்கு யாருடைய அனுமதியும் தேவைப்படக் கூடாது. 2024இல் மகப்பேற்றோடு தொடர்பான மரணங்களை அடுத்து மன்னாரில் மக்கள் வைத்தியசாலை முன் திரண்டபோது அவர்கள் துயரத்துக்கு முழு நியாயம் இருந்தது. ஆனால் எங்கும் விசாரணை 'யார்' என்பதோடு நின்றுவிட்டால், அடுத்த முறை ஈரத்தைக் கண்ட தாதி அதைப் பதிவேட்டில் எழுதப் பயப்படுவார். நல்லெண்ணத்தோடு அறிவித்தவருக்குத் தண்டனை இல்லை என்பதை நிர்வாகம் எழுத்தில் தர வேண்டும்.

காயத் தொற்று பெரும்பாலும் தாய் வீட்டுக்குப் போன பின்தான் தெரியவரும். கூடத்துத் தாதி அதைக் காண்பதே இல்லை. இதற்கு இலங்கையிடம் பல நாடுகளிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. பிரசவத்துக்குப் பின் வீடு தேடிப் போகும் மருத்துவமாது தையலைப் பார்க்கிறார். எருக்கலம்பிட்டியில் ஒரு தாயின் தையல் சிவந்து நீர் கசிந்தால் அவர் தாயை வைத்தியசாலைக்கு அனுப்புவார். அத்தோடு செய்தி நின்றுவிடக் கூடாது. சத்திரசிகிச்சை நடந்த திகதி தொற்றுக் கட்டுப்பாட்டுத் தாதிக்குப் போக வேண்டும். கூடத்தின் பதிவேட்டில் அன்றைய செட்டின் எண்ணும், அது போன ஓட்டோகிளேவ் சுற்றின் எண்ணும் இருக்க வேண்டும். ஒரே சுற்றிலிருந்து வந்த இரண்டு செட்டுகளின் பெயரில் இரண்டு தொற்றுகள் பதிவானால், அந்தச் சுற்றின் நீரையும் உலர்த்தும் நேரத்தையும் சோதிக்கலாம். பொதியைத் திருப்பி அனுப்பிய தாதியிடம் "ஏன் இவ்வளவு கடுமை" என்று கேட்பவருக்குக் காட்ட அப்போது ஒரு பக்கம் இருக்கும்.