மாதுங்காவும் சண்முகானந்தா ஸபாவும்

புனேயிலிருந்து மும்பை ரயிலில் 192 கிலோமீட்டர். இங்கே வசிக்கும் நம்மவர்களுக்கு அந்தக் கடற்கரை நகரம் ஒரு காலத்தில் வேலைக்கு மனுப் போடும் ஊர், வரன் பார்க்கும் ஊர், பெரிய வித்வான்களின் கச்சேரி கேட்கும் ஊர். கச்சேரி என்றால் சண்முகானந்தா ஹால்தான். அந்த ஸபா எப்படி உருவாயிற்று, எப்படி நிலைத்தது என்பது, வெளிமாநிலத்தில் சங்கம் வைத்து நடத்தும் நாம் அனைவரும் தெரிந்துகொள்ள வேண்டிய சரித்திரம்.

1896-ல் பம்பாயில் பிளேக் நோய் பரவியது. நெரிசலான பழைய பேட்டைகளில் மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். அதன் விளைவாக 1898-ல் அரசாங்கம் 'இம்ப்ரூவ்மெண்ட் டிரஸ்ட்' என்ற அமைப்பை ஏற்படுத்தியது. நகரத்தின் வடக்கே, வயலும் சதுப்புமாகக் கிடந்த தாதர், மாதுங்கா பகுதிகளில் அகலமான தெருக்களும் தோட்டங்களுமாகப் புதுக் குடியிருப்புகளை அது திட்டமிட்டது. 1915-ல் ரயில்வே தொழிற்சாலையும் மாதுங்காவில் வந்தது. பாலக்காடு, தஞ்சாவூர், திருநெல்வேலிப் பக்கங்களிலிருந்து டைப்பிங், ஷார்ட்ஹேண்ட் கற்றுக்கொண்டு, கையில் ஒரு ட்ரங்குப் பெட்டியுடன் வந்திறங்கிய இளைஞர்களுக்கு மாதுங்காதான் அடைக்கலம் கொடுத்தது.

வீடு அமைந்ததும் பள்ளிக்கூடத் தேவை எழுந்தது. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. 1940-ல் 'கஃபே மெட்ராஸ்' காபி ஆற்றத் தொடங்கியது. 1945-ல் திருவிடைமருதூர் குப்பையா பிள்ளையின் குடும்பத்தார் ஸ்ரீராஜராஜேஸ்வரி பரதநாட்டிய கலா மந்திரை நிறுவினார்கள். தஞ்சை நட்டுவனார் பரம்பரை அரபிக் கடலோரத்தில் வேரூன்றியது. அங்கே சலங்கை கட்டிக்கொண்ட பெண்களில் தமிழ்க் குழந்தைகளோடு குஜராத்தி, மராட்டிக் குழந்தைகளும் இருந்தார்கள். இதை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாதுங்காவின் பஜனை மடங்களில் துக்காராம், நாமதேவர் அபங்கங்களைப் பாடுவதைக் கேட்கும் மராட்டிய நண்பர்கள், "இங்கே வந்து கற்றுக்கொண்டீர்களா?" என்று வியப்பதுண்டு. உண்மை வேறு. 1855 வரை சுமார் 180 ஆண்டுகள் தஞ்சையை ஆண்டவர்கள் மராட்டிய மன்னர்கள். அவர்கள் காலத்தில்தான் அபங்கம் நம் பஜனை சம்பிரதாயத்தில் இடம் பெற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், மராட்டிய கீர்த்தனகாரரான ராமச்சந்திர புவா மோர்காவ்கரின் நிகழ்ச்சிகளைக் கேட்டுத் தஞ்சாவூர் கிருஷ்ண பாகவதர் தம் ஹரிகதா முறையை அமைத்துக்கொண்டார். ஸாகி, திண்டி, ஓவி என்ற மெட்டுகள் அவ்வாறுதான் தமிழ்க் காலட்சேபத்தில் புகுந்தன. மராட்டியத்திலிருந்து காவிரிக் கரைக்குப் போன சொத்தைத்தான், பல தலைமுறைகள் கழித்து நம்மவர்கள் மாதுங்காவுக்குத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இந்தச் சூழ்நிலையில் 1952-ல் ஸ்ரீ சண்முகானந்தா நுண்கலை மற்றும் ஸங்கீத ஸபா பிறந்தது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் மாதச் சம்பளக்காரர்கள். அவர்கள் கொட்டகை போட்டுக் கச்சேரி வைப்பதோடு நிற்கவில்லை. 1963-ல் கிங்ஸ் சர்க்கிள் ரயில் நிலையத்துக்கு அருகே சொந்த அரங்கம் திறக்கப்பட்டது. ஏறக்குறைய மூவாயிரம் பேர் அமரலாம். நான் பௌதிகம் படித்தவன். பெரிய கூடத்தில் சப்தம் அடங்க எடுத்துக்கொள்ளும் நேரம், அதன் கன அளவு கூடக் கூட அதிகமாகும் என்றும், சப்தத்தை உறிஞ்சும் பரப்பு கூடக் கூடக் குறையும் என்றும் ஸபைன் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்டறிந்ததைப் பாடத்தில் படித்திருந்தேன். அந்த ஹாலின் மேல் மாடியில் கடைசி வரிசையில் உட்கார்ந்து தனி ஆவர்த்தனம் கேட்டபோதுதான், அந்தக் கணக்கு எவ்வளவு பெரிய பொறுப்பு என்று புரிந்தது. டெக்கான் குயின் மாலை ஐந்து மணி சுமாருக்கே பம்பாயை விட்டுக் கிளம்பிவிடும். ஆகவே கச்சேரிக்குப் போனால் இரவு உறவினர் வீட்டில் தங்கித்தான் திரும்ப வேண்டும். என்னைப் போன்ற புனேக்காரர்கள் பலர் அப்படித்தான் போய்வந்தோம்.

அரங்கம் திறந்த மூன்றே ஆண்டுகளில் சோதனை வந்தது. 1966 ஜூனில் சிவசேனா தொடங்கப்பட்டது. 'மார்மிக்' வார இதழில், அலுவலகங்களில் உத்தியோகம் பார்க்கும் தென்னிந்தியர்களின் பெயர்கள் பட்டியலாக வெளிவந்தன. உடுப்பி ஹோட்டல்கள் தாக்கப்பட்டன. மண்ணின் மைந்தர்களுக்கு வேலை கிடைக்கவில்லை என்ற குறையில் நியாயம் இல்லாமலில்லை. ஆங்கிலமும் சுருக்கெழுத்தும் முன்னதாகக் கற்ற சாதகம் நம்மவர்களுக்கு இருந்தது உண்மை. ஆனால் பெயரைப் பட்டியலில் கண்ட குடும்பத்துக்கு அந்த நியாயமெல்லாம் ஆறுதலாகாது. ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற பேச்சு பல வீடுகளில் எழுந்த காலம் அது.

இருந்தும் சண்முகானந்தா நகரத்துக்கு உரிய அரங்கமாகவே இருந்தது. காரணம், அதன் கதவு நமக்கு மட்டும் திறக்கவில்லை. கர்நாடக இசை ஒலித்த அதே மேடையில் ஹிந்துஸ்தானி வித்வான்கள் பாடினார்கள். ஹிந்தித் திரைப்பட விருது விழாக்கள் நடந்தன. பம்பாய்வாசிக்கு அது 'மதராஸி ஹால்' அல்ல, தம் ஊரின் பெரிய ஹால்.

1990-ல் தீ விபத்து நேர்ந்து அரங்கம் மூடப்பட்டது. எட்டு வருஷம் திறக்கவில்லை. எத்தனையோ சங்கங்கள் இதைவிடச் சிறிய அடியில் கலைந்து போயிருக்கின்றன. ஸபா கலையவில்லை. 1998-ல் புதுப்பிக்கப்பட்ட அரங்கம் காஞ்சி ஸ்ரீ சந்திரசேகரேந்திர ஸரஸ்வதி ஸ்வாமிகளின் பெயரைத் தாங்கித் திறக்கப்பட்டது. இப்போதைய இருக்கைகள் 2,763. ஸபா நடத்தும் ஸங்கீத வித்யாலயத்தோடு, சிறுநீரக நோயாளிகளுக்குக் குறைந்த கட்டணத்தில் டயாலிசிஸ் செய்யும் மருத்துவ மையமும் இயங்குகிறது. அங்கே படுத்திருப்பவரிடம் தாய்மொழி எது என்று யாரும் கேட்பதில்லை.

இன்று மாதுங்கா பழைய மாதுங்கா அல்ல. அடுத்த தலைமுறை செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி, நவி மும்பை என்றும், கடல் கடந்தும் சென்றுவிட்டது. இத்தனை இருக்கைகளையும் நம்மவர்களை மட்டும் வைத்து நிரப்புவது இனி நடக்காத காரியம். புனேயிலும் இதே நிலைதான். நம் விழாக்களில் நரைத்த தலைகளே அதிகம்.

இதற்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. புனேயின் பெருமைக்குரிய ஸவாய் கந்தர்வ விழாவை 1953-ல் தம் குருநாதர் நினைவாகத் தொடங்கியவர் பீம்ஸேன் ஜோஷி. கதக் பக்கத்திலிருந்து வந்த கன்னடக்காரர் அவர். மராட்டிய அபங்கங்களை அவர் பாடிய அழகில், 2011-ல் அவர் மறைந்தபோது புனே நகரமே தன் வீட்டுப் பெரியவரை இழந்ததாக அழுதது. வந்தேறி என்று அவரை யார் சொன்னார்கள்?

எனவே நம் சங்கத்தின் அடுத்த தியாகராஜ ஆராதனைக்கு, ஒவ்வொரு உறுப்பினரும் பக்கத்து வீட்டு மராட்டியக் குடும்பத்தை நேரில் போய் அழைக்க வேண்டும். பஞ்சரத்னத்தின் பொருளை இரண்டு நிமிஷம் மராட்டியில் எடுத்துச் சொல்லவும் ஒருவரை ஏற்பாடு செய்யலாம். செலவு ஒன்றுமில்லை. நிர்வாகக் குழுவினர் இதைப் பரிசீலிக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.