கண்டெடுத்த கண்கள்

வெள்ளி விழா, பொன் விழா என்று எந்த மலரைப் புரட்டினாலும் கோப்பை வாங்கியவர்களின் படம் இருக்கும். அவர்களைக் கண்டுபிடித்துக் கூட்டி வந்தவரின் படம் இருக்காது. இந்த மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி நண்பர்கள் கேட்டபோது, அப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதலாமே என்று தோன்றியது.

அமெரிக்காவின் பேஸ்பால் ஆட்டத்தில் இதையே தொழிலாகச் செய்பவர்கள் உண்டு. 'ஸ்கவுட்' என்று பெயர். ஊர் ஊராகப் போய், பையன்கள் பந்து வீசுவதைப் பார்த்து, 'இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்' என்று குறித்துக்கொள்வதுதான் வேலை. இந்தத் தொழிலில் பழுத்த ரே பாய்ட்டவின்ட் 2008-இல் நம் நாட்டுக்கே வந்தார். வேகமாகப் பந்து எறிபவருக்கு ஒரு லட்சம் டாலர் என்று ஜே.பி. பெர்ன்ஸ்டீன் நடத்திய போட்டிக்காக வந்தவர் அவர். அதில் மணிக்கு 87 மைல், அதாவது 140 கிலோமீட்டர் வேகத்தில் எறிந்து வென்றவர் ரிங்கு சிங். அவரும் தினேஷ் படேலும் உத்தரப் பிரதேசத்துப் பையன்கள், ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பாலைக் கண்ணால் கண்டதில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே பிட்ஸ்பர்க் அணி இருவரையும் ஒப்பந்தம் செய்தது. 2014-இல் இந்தக் கதை திரைப்படமாக வந்தது. இசை நம் ஏ.ஆர். ரகுமான்.

நம்மிடம் ஸ்கவுட் இல்லையா? சென்னையைச் சேர்ந்த டி.ஏ. சேகர் இருக்கிறாரே! 1983-இல் பாகிஸ்தான் மண்ணில் இரண்டு டெஸ்ட் ஆடினார். ஒரு விக்கெட் கூட விழவில்லை. புள்ளிவிவரப் புத்தகத்தை மட்டும் நம்புகிறவர்கள் அத்தோடு அவரை மூடி வைத்துவிடுவார்கள். ஆனால் 1987-இல் டென்னிஸ் லில்லியின் வழிகாட்டலில் சென்னையில் எம்.ஆர்.எஃப். வேகப்பந்து வீச்சு மையம் தொடங்கியதே, அதன் தலைமைப் பயிற்சியாளராக நெடுங்காலம் உழைத்தவர் அவர்தான். வேகப்பந்து வீச வேண்டும் என்ற ஆசையோடு அங்கே போன பள்ளிச் சிறுவன் சச்சினை, 'நீ பேட்டிங்கைப் பார்' என்று லில்லி திருப்பி அனுப்பியது ஊரறிந்த கதை. ஆளை எடுப்பது மட்டுமல்ல, ஆளுக்கேற்ற வழியைச் சொல்வதும் கண்டுபிடிப்புதானே!

மகாராஷ்டிரத்தில் ஸ்ரீராம்பூர் என்ற சிறிய ஊரிலிருந்து மும்பைக்கு வந்து ஆடிக்கொண்டிருந்த ஓர் இடக்கைப் பையனைப் பார்த்துச் சென்னைக்குக் கூட்டி வந்தார் சேகர். அந்தப் பையன்தான் ஜாகீர் கான். டெஸ்டில் 311 விக்கெட்; 2011 உலகக் கோப்பையில் 21 விக்கெட். தனக்குக் கிடைக்காததை இன்னொருவன் கையில் பார்த்துப் பூரிக்க ஒரு தனி மனசு வேண்டும். அந்த மனசு எனக்கு ஒரு நாள் இல்லாமல் போனது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வருகிறேன்.

1980-களின் நடுவில் நம் கல்லூரியில் படித்தவன் நான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வருவேன். பி.டி. சார் எங்கே போனாலும் சைக்கிளை நிறுத்தி வேடிக்கை பார்ப்பார். "மாங்காய்க்குக் கல்லெறியிற பையன் காலைப் பாருடா, கையைப் பாக்காதே. ஊன்றிய கால் நின்னா பந்து தன்னால போகும்" என்பார். ஒரு மாலை, எங்கள் தேரடிப் பக்கம் ரப்பர் பந்து வீசிக்கொண்டிருந்த ஒரு பையனைப் பார்த்துவிட்டார். மறுநாள் என்னிடம், "ஞாயித்துக்கிழமை மதுரையில செலக்‌ஷன். அவனையும் கூட்டிட்டு அஞ்சரை பஸ்ஸுக்கு வந்துரு. சார்ஜ் நான் தர்றேன்" என்றார்.

நான் அவனிடம் சொல்லவில்லை. இருப்பது ஒரே இடம். அவன் வந்தால் எனக்கு இல்லை என்று தெரியும். சாரிடம், "அவங்க வீட்ல விடல சார்" என்று பொய் சொன்னேன். மதுரையில் எனக்கும் இடம் கிடைக்கவில்லை. திரும்பி வரும்போது சார் ஒன்றும் பேசவில்லை. திருமங்கலத்தில் டீ வாங்கிக் கொடுத்தார். அவ்வளவுதான்.

அந்தப் பையன் பின்னாளில் மில் வேலைக்குப் போனான். இப்போதும் ஆடிப்பூரத் தேருக்குப் போனால் கண்ணில் படுவான், "என்னண்ணே, சௌக்கியமா?" என்று சிரித்தபடி கேட்பான். அவனுக்கு இன்றுவரை தெரியாது. அவன் பெரிய ஆட்டக்காரன் ஆகியிருப்பான் என்று நான் சொல்லவில்லை. ஆகியிருப்பானா என்று பார்க்கும் ஒரு காலைப் பொழுதை அவனிடமிருந்து பறித்துவிட்டேன், அதுதான் கணக்கு.

சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜன் கதையைப் படித்தபோது இது மறுபடி நெஞ்சில் குத்தியது. டென்னிஸ் பந்தில் ஆடிக்கொண்டிருந்தவரை உள்ளூர் அண்ணன் ஜெயப்பிரகாஷ் விடாமல் ஊக்கி, சென்னை லீக் ஆட்டத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 2014-15 ரஞ்சியில் பந்துவீச்சு முறை மீது புகார் வந்தபோதும் நடராஜன் ஓய்ந்துவிடவில்லை. முறையைத் திருத்திக்கொண்டு திரும்பி வந்தார். 2020 டிசம்பரிலிருந்து 2021 ஜனவரிக்குள், ஒரே ஆஸ்திரேலியப் பயணத்தில், ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். சொந்த ஊர் அவரைச் சாரட்டு வண்டியில் ஏற்றி வரவேற்றது. அவரோ, ஐ.பி.எல். சட்டையில் தம் பெயருக்கு முன்னால் 'ஜே.பி.' என்று அண்ணன் பெயரைச் சேர்த்துப் போட்டுக்கொண்டார். 2023-இல் சொந்த ஊரிலேயே மைதானம் அமைத்துத் திறந்தார். கண்டெடுத்தவருக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன வேண்டும்?

பார்க்கிற கண் மட்டும் போதாது நண்பர்களே, கூட்டிப்போகிற கையும் வேண்டும். பி.டி. சாருக்குக் கண் இருந்தது. கையாக இருக்க வேண்டியவன் நான்.

இன்று படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. உங்களைவிட நன்றாக ஆடுபவனை, ஓடுபவளைப் பார்த்தால், அன்றைக்கே யாரிடமாவது போய்ச் சொல்லுங்கள். முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சந்திப்பு அன்று மேடையில் கோப்பை வாங்கியவர்களை அழைக்கும்போது, அவர்களை மைதானத்துக்குக் கூட்டி வந்தவர் யார் என்றும் கேளுங்கள்.

நான் இந்த ஆடியில் தேரடிக்குப் போகிறேன். இந்தப் பக்கத்தை அவன் கையில் கொடுத்துவிட்டு, படித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!