பாதி விலைப் பெட்டி

சாமான் வாங்குவதில் ஒரு சாபக்கேடு உண்டு. நாம் ஆசையாக வாங்கி வந்த பொருள் வீட்டில் இன்னும் புது வாசனை மாறாமல் இருக்கும். அதற்குள் அதைச் செய்த கம்பெனியே அதைவிடச் சிறந்த ஒன்றைக் கடைக்கு அனுப்பிவிடும். நேற்று வரை குறை சொல்ல முடியாதிருந்த நம் பொருளின் மேல் திடீரென்று ஒரு கிழட்டுத்தனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அதில் ஒரு திருகாணிகூடத் தளர்ந்திருக்காது. ஆனாலும் அது பழையதாகிவிட்டது! கைபேசிகளோடு கூடப் பிறந்த வியாதி இது என்று நினைப்பவர்கள் உண்டு. சங்கீதப் பெட்டிகளின் சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் இந்த வியாதிக்கு நூறு வயது ஆகிவிட்டது தெரியும். அந்தச் சரித்திரத்தில் 1925-ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் நடந்த கதை ஒன்று, நிதானமாகச் சொல்லத் தகுந்தது.

நியூ ஜெர்ஸி மாகாணத்துக் காம்டன் நகரில் 1901-இல் ஆரம்பமானது விக்டர் டாக்கிங் மெஷின் கம்பெனி. ஸ்தாபகர் எல்ட்ரிட்ஜ் ஜான்சன்; யந்திரப் பட்டறை நடத்தி வந்தவர். குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு எஜமானரின் குரலைக் கேட்கும் நாயை நம் தாத்தாக்களுக்கு நன்றாகத் தெரியும். நம் நாட்டில் அந்த நாய் மார்க் இசைத்தட்டுகளை விற்றது லண்டன் கிராமபோன் கம்பெனி. அமெரிக்காவில் அதே நாய்தான் விக்டரின் முத்திரை.

1906-இல் விக்டர் கம்பெனி ஒரு சாமர்த்தியமான காரியம் செய்தது. ஊமத்தம்பூவைப் போல் வெளியே நீட்டிக்கொண்டிருந்த குழாயை மடக்கி, அலமாரி போன்ற மரப் பெட்டிக்குள் மறைத்துவிட்டது. அதற்கு விக்ட்ரோலா என்று பெயர் வைத்தது. பட்டறைச் சாமான் போலிருந்த கிராமபோன் அன்றிலிருந்து கூடத்துக்கு அழகு செய்யும் கௌரவமான வஸ்துவாயிற்று. விருந்தாளி வந்தால் கதவைத் திறந்து, சாவி கொடுத்து, தட்டை வைத்து, ஊசியை இறக்குவார்கள். காரூஸோ பாடுவார். இத்தாலியப் பாடகரான அவர் 1904 முதல் விக்டருக்காகப் பாடியவர்; 1921-இல் காலமானார்.

அந்தக் காலத்தில் பாட்டைப் பதிவு செய்வது கிட்டத்தட்ட ஒரு மல்யுத்தம். மைக் கிடையாது. சுவரிலிருந்து ஒரு பெரிய குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்குள்தான் பாட வேண்டும். குரலின் பலமே மெழுகுத் தட்டில் ஊசியை அசைத்துக் கோடு கிழிக்க வேண்டும். உச்ச ஸ்தாயிக்குப் போகும்போது பாடகர் பின்னால் நகர வேண்டும். இல்லாவிட்டால் ஊசி துள்ளிவிடும். வயலினின் மெல்லிய நாதம் போதாதென்று, குழாய் பொருத்திய ஸ்ட்ரோ வயலினை வாசித்தார்கள். பெரிய தந்தி வாத்தியங்களுக்குப் பதில் டியூபா என்ற பித்தளை வாத்தியத்தை ஊதினார்கள். இவ்வளவும் செய்து கேட்டது நாதத்தின் நடுப்பகுதிதான். அடி ஸ்தாயியும் இல்லை. உச்சியின் மினுமினுப்பும் இல்லை.

ஆனால் கேட்டவர்களுக்கு அது குறையாகத் தோன்றியதா? அங்கேதான் வேடிக்கை இருக்கிறது. விக்டரின் போட்டியாளர் வேறு யாருமல்ல, பேசும் யந்திரத்தையே கண்டுபிடித்த எடிசன்! அவருடைய கம்பெனி 1915 முதல் பத்து வருஷம் ஊர் ஊராக ஒரு பரீட்சை நடத்தியது. மேடையில் ஒரு பாடகி நிற்பார், பக்கத்தில் பெட்டி. பாடகி பாடிக்கொண்டே இருந்து சட்டென்று வாயை மூடிக்கொள்வார். பெட்டி தொடர்ந்து பாடும். சில சமயம் விளக்கையும் அணைத்துவிடுவார்கள். எது பெண், எது பெட்டி என்று தெரியாமல் ஜனங்கள் மயங்கினார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. அப்படிப் பாடியவர்களில் ஒருவர் ஆன்னா கேஸ். பெட்டியின் குரலுக்குப் பொருந்துமாறு தம் குரலை அடக்கிப் பாடியதாக அவர் பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆனாலும் அது மட்டும்தான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டவர்களின் காதும் பாதி வழி இறங்கி வந்திருக்க வேண்டும். திருப்தி என்பது பெரும்பாலும் அப்படித்தான் உண்டாகிறது.

அந்தத் திருப்தியைக் கெடுக்க 1920-க்குப் பிறகு ரேடியோ வந்து சேர்ந்தது. தட்டு வாங்க வேண்டாம், ஊசி மாற்ற வேண்டாம். ஆகாயத்திலிருந்து இலவசமாகச் சங்கீதம்! 1924-இல் விக்டரின் வியாபாரம் நன்றாகச் சரிந்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் டெலிபோன் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த மாக்ஸ்பீல்ட், ஹாரிஸன் என்ற இரண்டு என்ஜினீயர்கள் ஒரு புது முறையோடு வந்தார்கள். மைக்கின் முன்னால் பாடினால் போதும். மின்சாரம் அந்த ஒலியைப் பெருக்கித் தட்டில் எழுதிவிடும். வினாடிக்கு ஏறத்தாழ 100 அதிர்விலிருந்து 5,000 அதிர்வு வரை பிடிபட்டது. அதாவது, அது வரை காணாமற் போயிருந்த அடியும் உச்சியும் திரும்பி வந்தன. 1925 மார்ச்சில் விக்டர் இந்த முறைக்கு உரிமை பெற்றது. கொலம்பியா கம்பெனியும் பெற்றது.

இப்போது கம்பெனிக்கு ஒரு தர்மசங்கடம். புது முறையைப் பறை சாற்றினால் கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் பழைய பெட்டிகளையும் தட்டுகளையும் யார் தொடுவார்கள்? ஆகவே இரண்டு கம்பெனிகளும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தன. புது முறையில் பதிவான தட்டுகள் தம்பட்டம் இல்லாமல் கடைக்கு வந்தன. அந்தக் கோடைகாலத்தில் பழைய விக்ட்ரோலாக்களுக்குப் பாதி விலை என்று விளம்பரம் வெளிவந்தது. ஜனங்கள் வாங்கினார்கள். ஏன் வாங்க மாட்டார்கள்? நாய் மார்க் பெட்டி, தேக்கு போல் மின்னும் மரம், விலையோ பாதி. எத்தனையோ குடும்பங்களில் வெகுநாள் ஆசை அப்போதுதான் நிறைவேறியிருக்கும்.

நவம்பர் 2-ஆம் தேதியை ‘விக்டர் தினம்’ என்று பெயரிட்டு, ஆர்த்தோபோனிக் விக்ட்ரோலா என்னும் புதுப் பெட்டியை நாடு முழுவதும் கடைகளில் வாசித்துக் காட்டினார்கள். அதற்கும் சாவிதான் கொடுக்க வேண்டும். ஆனால் உள்ளே இருந்த குழாய் வேறு. டெலிபோன் கணக்குப்படி மெல்ல மெல்ல விரிந்து, மடிந்து மடிந்து பெட்டி முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்தது. ஒலியை எழுப்பும் மைக்காத் தகடு போய் மெல்லிய அலுமினியத் தகடு வந்திருந்தது. விலை 95 டாலரிலிருந்து 300 டாலர் வரை. அந்த வருஷம் ஃபோர்டு மோட்டார் வண்டியே 260 டாலருக்குக் கிடைத்தது என்றால் விலையின் கனம் விளங்கும். அப்படியும் கூட்டம் அலைமோதியது.

கோடையில் பாதி விலைக்கு வாங்கியவர் அன்று கடை வாசலில் நின்று கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பார்? ‘ஏமாந்து போனோம்’ என்றுதான். விக்டர் அவரை ஏமாற்றியதா? பொய் ஒன்றும் சொல்லவில்லை. சொன்ன விலைக்குச் சொன்ன பெட்டியைத்தான் கொடுத்தது. புதிய தட்டுகளும் பழைய பெட்டியில் சுழலத்தான் செய்தன. ஆனால் ஒரு விஷயத்தைத் தெரிந்தே மறைத்தது. வியாபாரத்தில் அதற்குச் சாமர்த்தியம் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் செய்தால் வேறு பெயர். அவருக்குப் பணத்தில் பெரிய நஷ்டம் இல்லை. போனது, அந்தப் பெட்டி போதும் என்றிருந்த மனசு. அதற்குப் பாதி விலை, முழு விலை என்று எதைச் சொல்வது?

மாற மாட்டேன் என்று நின்றவர் கதி என்னவாயிற்று என்பதையும் சொல்ல வேண்டும். எடிசனின் தட்டு மற்றவர்களின் பெட்டியில் ஒழுங்காகப் பாடாத தனி ஜாதி. மின்சாரப் பதிவுக்கு அவர் கம்பெனி 1927-இல்தான் மனசு இசைந்தது. 1929 அக்டோபரில் இசைத்தட்டுத் தொழிலையே மூடிவிட்டது. சரி, மாறியவர்? ஜான்சன் தம் கம்பெனியை நல்ல விலை வந்தபோது பாங்கிக்காரர்களுக்கு விற்றுவிட்டு ஒதுங்கினார். 1929-இல் அதை வாங்கியது ஆர்.ஸி.ஏ. என்ற ரேடியோ கம்பெனி! எந்த ரேடியோவை எதிர்த்துப் புதுப் பெட்டி பிறந்ததோ, அந்த ரேடியோவுக்கே அது பிள்ளையாகப் போயிற்று. பிறகு 1948-இல் நீண்ட நேரத் தட்டு, அதன் பின் ஸ்டீரியோ என்று ஒவ்வொரு தலைமுறைக்கும் ஒரு நவம்பர் 2-ஆம் தேதி வந்துகொண்டே இருந்தது.

எல்லாவற்றையும் புதுப்பிக்கலாம். காரூஸோவை என்ன செய்வது? மைக் வருவதற்கு நாலு வருஷம் முன்பே போய்விட்டாரே! அதற்கும் ஒரு வழி பார்த்தார்கள். 1932-இல் அவருடைய பழைய பதிவுகளின் மேல் புது வாத்தியக் கோஷ்டியை மின்சார முறையில் சேர்த்து வெளியிட்டார்கள். வாத்தியம் புதிது, குரல் மட்டும் அதே குழாய்க்குள் பாடிய குரல். பழைய தட்டுகளைச் சேகரிக்கும் ரஸிகர்களில் சிலர் இன்றைக்கும் வேறு வழியில் போகிறார்கள். பழைய விக்ட்ரோலா ஒன்றைத் தேடிப் பிடித்துப் பழுது பார்த்து, காரூஸோவை அதில்தான் கேட்கிறார்கள். அந்தக் குரலும் அந்தப் பெட்டியும் ஒரே காலத்தில் ஒன்றோடொன்று பழகியவை என்பது அவர்கள் கட்சி.

அப்படிப் பார்த்தால், 1925 கோடையில் பாதி விலைக்கு வாங்கியவர் நல்ல பெட்டியைத்தான் வாங்கினார். நவம்பர் மாதம் கடைத்தெருப் பக்கம் போகாமல் இருந்திருந்தால், அது அவருக்கும் தெரிந்திருக்கும்.