பரையா

சமூகத்தால் விலக்கப்பட்டவரையும், பிற நாடுகள் உறவு முறித்துக்கொண்ட நாட்டையும் குறிக்க ஆங்கிலத்தில் வழங்கும் இச்சொல், பறையர் என்னும் தமிழ்ச் சாதிப்பெயர் போர்த்துகீசியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் பதிவானதால் உண்டானது.

பறை என்பதற்கு முரசு என்றும் சொல்லுதல் என்றும் பொருள் உண்டு. அரசாணை முதல் சாவு வரை ஊருக்கு அறிவித்தது அக்கருவியே ஆதலால், இரு பொருள்களும் வெகுதொலைவில் இல்லை. தொல்காப்பியம் பறையைக் கருப்பொருள்களுள் ஒன்றாக எண்ணுகிறது. புறநானூற்றின் 335ஆம் பாடல் பறையனைத் துடியன், பாணன், கடம்பன் ஆகியோருடன் சிறப்புடைய குடியாகவே வைக்கிறது. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டில் பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் தனித்தனியே குறிக்கப்படுவதால், அந்நாளில் இரண்டும் ஒன்றாகக் கருதப்படவில்லை என்று கொள்ள இடமுண்டு.

ஒரு சாதியின் பெயரை விலக்கப்பட்டோர் அனைவர்க்கும் பொதுவாக்கியது ஐரோப்பியரின் பிழையே என்பதை, 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் என்னும் ஆங்கிலோ-இந்தியச் சொற்களஞ்சியமே சுட்டியுள்ளது. விலக்கு ஒரு சாதியோடு நின்றதும் அன்று. இன்று பட்டாசுத் தொழிலால் அறியப்படும் தாயில்பட்டி, சிவகாசி வட்டாரத்தில், கோயில் நுழைவு மறுக்கப்பட்ட நாடார்கள் அவ்வுரிமையைக் கோரியதை ஒட்டிய பகை 1899இல் பெருங்கலவரமாக வெடித்தது. ஊர்விலக்கு, தள்ளிவைத்தல் என விலக்கும் செயலுக்கே தமிழில் சொற்கள் இருக்க, ஆங்கிலமோ அச்செயலுக்கு ஆளானவரின் பெயரை எடுத்துக்கொண்டது.

பிரெஞ்சு எழுத்தாளர் பெர்னார்தென் த சேன்-பியேர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய 'இந்தியக் குடிசை' என்னும் கதை, இச்சொல்லுக்கு இரக்கத்தின் சாயலை ஏற்றியது. பின்னர் சமூகவியலாளர் மாக்ஸ் வேபர் யூதர்களின் வரலாற்றை விளக்கவே இதைக் கலைச்சொல்லாக ஆண்டார். தமிழகத்தில் இரட்டைமலை சீனிவாசன், இழிவாகப் பார்க்கப்பட்ட பெயரை மறைக்காமல் 1893இல் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். மாறாக, எம். சி. ராஜா உள்ளிட்டோரின் கோரிக்கையை ஏற்று, சென்னை அரசு 1922இல் ஆதிதிராவிடர் என்னும் பெயரை ஆவணங்களில் புகுத்தியது. மலாய் மொழியிலும் பரையா என்னும் சொல் வசையாகவே நிலைத்தது. அப்துல்லா உசேனின் 'இன்டர்லோக்' நாவலில் அது இடம்பெற்றதை மலேசியத் தமிழர்கள் எதிர்த்ததால், 2011இல் அந்நூல் பள்ளிப் பாடத்திலிருந்து திரும்பப் பெறப்பட்டது.